மண்வெட்டி ஆடுகிறது, மோட்டர் இரைகிறது, பூவாளி அடைக்கிறது: திருகோணமலை வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

2022இல் எரிபொருள் வரிசையும் மரக்கறி விலையும் சேர்ந்து நெரித்த நேரத்தில், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிரிடச் சொன்னார்கள். உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் அந்த வருஷம் மண்வெட்டி வாங்காத வீடு இல்லை. அவற்றில் பாதி இன்று மதிலோரம் கறள் பிடித்துக் கிடக்கின்றன. "எங்கட மண்ணுக்கு ஒண்டும் வராது" என்று அந்த வீட்டுக்காரர் சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. மண் அவர்களைக் கைவிடவில்லை. ஆடும் பிடியும் மழுங்கிய விளிம்பும் காற்றிழுக்கும் மோட்டரும் சேர்ந்து அவர்களைக் களைக்கப் பண்ணிவிட்டன.

அயலவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கருவிகளைக் கொண்டுவந்து என் விறாந்தையில் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பத் திரும்ப வந்த பழுதுகளை, கண்ணுக்குத் தெரியும் குறியை வைத்து இங்கே எழுதுகிறேன். உங்களுடையதைத் தேடிப்பிடித்து அந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் வளவு எந்த மண்? நிலாவெளி, அலஸ்தோட்டம், உப்புவெளிக் கரையோரம் மணல். கன்னியாப் பக்கம் உள்ளே போனால் செம்மண், மாரியில் பசை, கோடையில் கல். உவர்மலையில் கொஞ்சம் தோண்டினாலே சரளையும் பாறையும் தட்டுப்படும். தம்பலகாமத்து வயலோரம் களி. ஒரே கருவி இந்த நான்கிலும் நான்கு விதமாகப் பழுதாகும். நிலாவெளியில் இருக்கும் மச்சாள் நல்லதென்று சொன்ன மண்வெட்டி கன்னியாவில் உங்களுக்கு ஒத்துவராமல் போவது அதனால்தான்.

மண்வெட்டித் தலை ஆடுகிறது, சில நேரம் கழன்று விழுகிறது

ஆபத்தானது இதுதான், ஆகவே முதலில் இது. தலை ஆடும் மண்வெட்டியை ஓங்கவே கூடாது. பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் சொல்லவே வேண்டாம்.

பெரும்பாலும் இது கோடையில் தொடங்கும். வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் அடிக்கத் தொடங்கினால் மரம் எல்லாம் ஈரம் இழந்து சுருங்கும். மாரியில் கண்ணுக்குள், அதாவது தலையில் பிடி நுழையும் துளைக்குள், இறுக்கமாக இருந்த பிடி ஆடியில் கைக்கு ஆடும்.

நம்மவர்கள் உடனே செய்வது, தலையை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போடுவது. காலையில் இறுகிவிடும், உண்மை. ஆனால் ஊதிய மரம் இரும்புக் கண்ணுக்குள் விரிய இடமில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்பு இருந்ததைவிட மெலிந்துபோகும். இரண்டு மூன்று தரம் ஊறப்போட்ட பிடியைக் கழற்றிப் பாருங்கள், கண்ணுக்குள் இருந்த பகுதி தும்பு தும்பாக இருக்கும். அவசர வேலைக்கு ஒருநாள் ஊறப்போடலாம், அதையே வைத்தியமாக்க வேண்டாம்.

சரியான வழி ஆப்புத்தான். தலையைத் தட்டிக் கழற்றுங்கள். பிடியின் முனையைப் பாருங்கள்: கறுத்து, உக்கி, விரல்நகம் இறங்கினால் அந்த முனையை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவவேண்டும். நல்ல மரமாக இருந்தால், முனையின் நடுவில் வாளால் ஒன்றரை இஞ்சி ஆழத்துக்கு ஒரு கீறல் விடுங்கள். இரும்புக் கண்ணை இரண்டு பக்கமும் உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் சற்று விரிந்திருக்கும். கீறல் விட்ட முனை அந்தப் பக்கம் வெளிவரும்படி பிடியைப் பூட்டி, மறுமுனையைச் சீமெந்துத் தரையில் நேராக இரண்டு மூன்று தரம் குத்துங்கள். தலை தன் பாரத்திலேயே இறங்கி இருக்கும். பிறகு காய்ந்த வைர மரத்தில் சீவிய ஆப்பைக் கீறலுக்குள் அறையுங்கள். பச்சை மரத்தில் ஆப்புச் சீவினால் அதுவும் ஒரு மாதத்தில் சுருங்கிவிடும். ஆப்புக்குப் பதிலாக 3 இஞ்சி ஆணி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆணி பிடியைப் பிளக்கும். பிளவு வெளியே தெரிவதற்குள் ஒருநாள் பிடி கையோடு வந்துவிடும்.

ஆப்புச் சீவ நேரமில்லையா? பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, பிடி முனையில் ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் தலையை அடித்து இறக்கலாம். இரண்டு மூன்று மாதம் நிற்கும். என் மாமா இப்படித்தான் வருஷக்கணக்காக ஓட்டினார். இடையிடையே இழுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

புதுப்பிடி வாங்கும்போது நிறத்தையும் வார்னிஷையும் விட்டுவிட்டு மரத்தின் ரேகையைப் பாருங்கள். ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடவேண்டும். நடுவில் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும். கணு இருந்தால் தொடவே வேண்டாம். எங்கள் பக்கக் காட்டு மரங்களில் விண்ணாங்கு கருவிப்பிடிக்குப் பேர்போனது. பாரமில்லை, அதிர்வைத் தாங்கும். பாலைமரம் வைரம்தான், ஆனால் அந்தப் பாரத்தோடு ஒரு மணிநேரம் கொத்தினால் தோள் போய்விடும். பூவரசு நன்றாகக் காய்ந்திருந்தால் சிறு கருவிகளுக்குப் போதும்.

கொத்துகிறேன், மண்ணுக்குள் இறங்கவில்லை

இதற்குக் காரணம் மூன்றில் ஒன்று. விளிம்பு மழுங்கியிருக்கும், மண் காய்ந்திருக்கும், அல்லது கையில் இருப்பது அந்த வேலைக்கான கருவி இல்லை.

விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து நேராகப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக்கோடாக மின்னினால் மழுங்கிவிட்டது. கடலோர மணல் பார்க்க மெத்தென்று இருக்கிறது, உண்மையில் அது அரத்தைப்போல இரும்பைத் தேய்க்கும். செம்மண்காரரைவிட மணல்காரர் அடிக்கடி தீட்டவேண்டும் என்றால் பலர் நம்புவதில்லை.

மண்வெட்டிக்குச் சாணைக்கல் தேவையில்லை, ஒரு தட்டை அரம் போதும். தலையைப் படிக்கட்டு விளிம்பில் அசையாமல் வைத்து, காலால் பிடியை மிதித்துக்கொண்டு, ஏற்கெனவே சரிவு உள்ள பக்கத்தை மட்டும் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் தீட்டுங்கள். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரத்தின் பல்தான் தேயும். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டால் தீட்டியது காணும். அந்தப் பிசிறை மறுபக்கத்தில் அரத்தைத் தட்டையாக வைத்து ஒருதரம் வழித்துவிடுங்கள். சவரக்கத்தி மாதிரிக் கூராக்க வேண்டாம், முதல் கல்லிலேயே மடிந்துவிடும்.

வேகமாக முடியட்டும் என்று கிரைண்டரில் கொடுப்பவர்களுக்கு ஒன்று. விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது. அதன்பிறகு எத்தனை தரம் தீட்டினாலும் ஒரு பாத்திக்குள் மழுங்கும். கிரைண்டர்தான் பிடிக்கவேண்டும் என்றால் இரண்டு நொடிக்கொரு தரம் தண்ணீரில் தோய்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகாமல் பாருங்கள்.

மண் காய்ந்திருக்கிறதா? செம்மண்ணில் ஆடி ஆவணியில் நேரே கொத்துவது வீண்வேலை. முதல்நாள் பின்னேரம் தண்ணீர் கட்டிவிட்டு மறுநாள் காலை கொத்துங்கள். ஒரு பிடி மண்ணைக் கைக்குள் அமத்திப் பாருங்கள்: உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரவேண்டும். உதிராமல் பசைபோல நின்றால் ஈரம் கூட, இன்னும் ஒருநாள் விடுங்கள். அந்தப் பசை மண்ணைக் கொத்தினால் மண்வெட்டியில் அப்பிக்கொள்வது போக, காய்ந்தபின் கட்டி கட்டியாகி அந்தப் போகம் முழுக்க வேர்களை வருத்தும்.

சரளையும் கல்லும் உள்ள இடத்தில் அலவாங்கு எடுங்கள். போர்த்துக்கேயரோடு வந்த சொல் இது, அவர்கள் மொழியில் நெம்புகோல் என்று பொருள். அந்தப் பொருளிலேயே அதைப் பயன்படுத்துங்கள்: குத்தி இளக்கு, பிறகு நெம்பு. மண்வெட்டியால் கல்லை நெம்பியவர்கள் கொண்டுவந்த வளைந்த தலைகளும் முறிந்த பிடிகளும்தான் என் விறாந்தையில் அதிகம். உவர்மலைப் பக்கம் கல்லில் குத்துபவர்கள் கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தெறிக்கும் சில்லுக்கு விறைப்பான மூக்குக்கண்ணாடிகூட ஓரளவு காப்பு.

வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை, முழுக்கக் கறள்

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பீர்கள். இருக்கலாம். ஆனால் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் எந்த நல்ல இரும்புக்கும் இதே கதிதான். வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும். அந்த உப்பு இரும்பில் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. கருவி நனையாமலே துருவேறுவது அப்படித்தான்.

மேலோட்டமான கறளுக்கு வயர் பிரஸ்ஸும் தேங்காய்த் தும்பும் போதும். செதில் செதிலாக ஏறியிருந்தால் வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்துத் தேயுங்கள். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள். இந்தக் கடைசி வேலையை நாளைக்கென்று விட்டால், வினாகிரி தின்ற வெற்று இரும்பில் விடிவதற்குள் செம்மை படர்ந்திருக்கும்.

எண்ணெய் என்றால் விலை கூடியது வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் ஒயிலில் நல்லது ஒரு மேசைக்கரண்டி போதும். தேங்காய் எண்ணெயும் சரி. பாவித்துக் கழித்த கறுப்பு ஒயிலை மட்டும் தவிருங்கள். அது கீரைப்பாத்திக்குள் போய்ச் சேரும் வழி உங்கள் மண்வெட்டிதான்.

வாளியில் மணல் நிரப்பி, கொஞ்சம் ஒயில் ஊற்றி, வேலை முடிந்ததும் கருவியை அதற்குள் குத்தி எடுங்கள் என்று எங்கும் சொல்வார்கள். நல்ல யோசனை. ஆனால் நாங்கள் மணலுக்கு எங்கே போவோம்? கடற்கரைக்கு. அந்த மணலில் உப்பு இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா ஒரு வருஷம் இப்படிக் கடல்மணல் வாளியில் கருவிகளைக் குத்தி வைத்தார். எண்ணெய் பூசியும் ஏன் இப்படி அரிக்கிறது என்று கேட்டு அவர் அந்த வாளியையே தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் காரணம் பிடிபட்டது. கட்டட வேலைக்கு எடுக்கும் ஆற்றுமணலைக் கேளுங்கள். இல்லாவிட்டால் வாளியை விட்டுவிட்டு எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

இன்னொரு மறைவான காரணம், யூரியா மூடையோடு ஒரே அறையில் வைப்பது. உரம் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், அது பக்கத்திலுள்ள இரும்பை அரிக்கும். கருவிகளை ஆணியில் தொங்கவிடுங்கள், தலை நிலத்தில் படாமல். சீமெந்துத் தரையும் ஈரம் கக்கும்.

துருப்பிடிக்காது என்று எழுதியிருக்கும் வெள்ளி நிறக் கருவிகளிலும் கடலோரத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும். கழுவினால் போகும், பயப்பட வேண்டாம். நாக முலாம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் ஒரு துளி பெயின்ற் வைத்துவிடுங்கள்.

கறள் கருவி கையைக் கிழித்தால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். நினைவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கத்தரிக்கோல் கொப்பை வெட்டாமல் கடிக்கிறது

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்றில் இரு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும். மற்றதில் கூரான அலகு ஒரு தட்டையான பீடத்தில் போய் இடிக்கும். பச்சைக் கொப்புக்கு முதல்வகைதான். இரண்டாவது வகை காய்ந்த கொப்புக்குச் சரி, பச்சையில் நசுக்கும். நசுங்கிய முனை உக்கி, கொப்பு கீழ்நோக்கிச் சாகும். தேசியிலும் மாதுளையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

முதல்வகைதான் இருக்கிறது, ஆனாலும் கடிக்கிறது என்றால் மூடிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு அலகுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் நடு ஆணி இளகிவிட்டது, இறுக்குங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் பிசின் அல்லது மழுங்கல். பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். தீட்டும்போது சரிவுள்ள பக்கத்தை மட்டும். தட்டையான உட்பக்கத்தைத் தொட்டால் இடைவெளி விழுந்து, அந்தக் கத்தரிக்கோல் பிறகு கடதாசிகூட வெட்டாது. பெருவிரலை விடத் தடித்த கொப்பு என்றால் வாள் எடுங்கள். இரண்டு கையாலும் நெரித்து வெட்டிய அன்றுதான் அலகு வளையும்.

கத்தரியோ தக்காளியோ பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடிச் சாய்ந்தால், அதைத் தொட்ட அலகையும் மண்வெட்டியையும் மண் போகக் கழுவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்த பிறகே அடுத்த செடிக்குப் போங்கள். அந்த வாட்டல் நோய் மண்ணோடும் கருவியோடும் பயணம் செய்யும். மிளகாய் இலை சுருளுவது வேறு கதை. அது பூச்சிகளால் வருவது, கத்தரிக்கோலை எவ்வளவு துடைத்தாலும் நிற்காது. வெளுக்கும் திராவகத்தில் அலகுகளை ஊறப்போடாதீர்கள், இரும்பைத் தின்னும்.

மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

நாற்று வாடிக்கொண்டிருக்கும்போது வரும் பழுது, அதனால் எல்லோரும் பதறுவார்கள். முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டரின் உள்சீல் சில நிமிடங்களிலேயே கருகும். பிறகு சுவிட்சை மட்டும் நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிட்டு வரிசையாகப் பாருங்கள்.

கிணற்றை எட்டிப் பாருங்கள். மேலே தரையில் வைத்த மோட்டர் தண்ணீரை உறிஞ்சுவதற்குக் காற்றின் அழுத்தத்தைத்தான் நம்பியிருக்கிறது. கணக்கின்படி அது 34 அடிக்கு மேல் தூக்காது. நடைமுறையில் 25 அடியோடு முடிந்துவிடும். மாரியில் 12 அடியில் இருந்த தண்ணீர் ஆவணியில் இறங்கியிருந்தால் மோட்டரில் பிழையில்லை. அதிகக் குதிரைவலு உள்ள மோட்டர் வாங்கினாலும் இந்த எல்லை மாறாது. மோட்டரைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும், அல்லது கிணற்றுக்குள் இறங்கும் வகைக்கு மாறவேண்டும்.

தண்ணீர் போதுமான உயரத்தில் நின்றால் மோட்டரின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினால் அடிவால்வு, அதாவது கிணற்றுக்குள் இருக்கும் குழாய் நுனியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் மூடி, மூடவில்லை. எங்கள் மணல் கிணறுகளில் பத்துக்கு எட்டுத்தரம் ஒரு மணலோ சிப்பித் துண்டோ வால்வின் இறப்பருக்குள் சிக்கியிருக்கும். குழாயை மேலே இழுத்துக் கழுவி, இறப்பர் விறைத்திருந்தால் மாற்றுங்கள். வால்வு கிணற்றின் அடியைத் தொடாமல் ஒன்றரை அடியாவது மேலே தொங்கவேண்டும்.

மட்டம் இறங்காமல் நின்றும் தண்ணீர் வரவில்லையா? கிணற்றுக்கும் மோட்டருக்கும் இடையிலுள்ள குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் மூட்டுகள்தான் முதலில் வெடிக்கும். தண்ணீர் கசியும் அளவுக்குப் பெரிய ஓட்டையாக இருக்கவேண்டியதில்லை, மயிரிழை போதும். மூட்டுகளைக் கழற்றி நூல்நாடா சுற்றிப் பூட்டுங்கள். குழாயின் வெயில் படும் பகுதிக்குக் கிடுகோ பழஞ்சாக்கோ போட்டுவிடுங்கள்.

மோட்டர் இரைகிறது, சுழலவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பல மாதம் ஓடாமல் இருந்து உள்ளே கறள் இறுகியிருக்கலாம், கண்டென்சர் போயிருக்கலாம், பின்னேரத்தில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து மிகவும் இறங்கியிருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்க விசிறியைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம், அதுவரை உங்கள் வேலை. கண்டென்சர் பிளக் கழற்றிய பிறகும் மின்னை வைத்திருக்கும். அதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். மோட்டர் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் அது உங்கள் உயிரைக் காக்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் ஆளுக்காக வைத்த சுவிட்ச் அது. தயவுசெய்து அதைத் தாண்டி வயர் இழுக்காதீர்கள்.

கரையோரக் கிணற்றுக்காரர்களுக்கு இன்னொன்று. எங்கள் நல்ல தண்ணீர், கீழே உள்ள உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பெரிய மோட்டரால் ஒரே மூச்சில் இறைத்தால் மேலே இருப்பது தீர்ந்து அடியிலுள்ள உவர் ஏறிவரும். வெண்டி இலையின் ஓரம் கருகத் தொடங்கினால் உரக்குறை என்று நினைக்குமுன் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று சிறு மோட்டரால் இறைப்பதுதான் இங்கே புத்தி. அரைக் குதிரைவலு ஒரு வீட்டு வளவுக்குத் தாராளம்.

பூவாளி அடைக்கிறது, குழாய் பச்சையாகிறது, சொட்டுநீர் நிற்கிறது

பூவாளித் துளைகளில் வெள்ளையாகப் படிவது கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. முகப்பைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ஆணியால் குத்தினால் துளை பெருத்து, நாற்று சாய்ந்துவிடும். நாற்றுமேடைக்கு முகப்பை மேல்நோக்கித் திருப்பி ஊற்றிப் பாருங்கள், மழைத்தூறல் மாதிரி விழும். சொட்டுநீர்க் குழாயின் முனைகளுக்கும் இதே வைத்தியம். ஆனால் தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு வடி வைக்காமல் சொட்டுநீர் போடவே வேண்டாம். மாதம் ஒருதரம் குழாயின் கடைமூடியைத் திறந்து ஓடவிடுங்கள்.

கண்ணாடிபோலத் தெரியும் குழாயில் வெயில் உள்ளே போய்ப் பாசி வளரும். தடித்த கறுப்புக் குழாய் வாங்குங்கள், அது வெயிலையும் கூடத் தாங்கும். ஆனால் பகலில் வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். கையில் பிடித்துப் பார்த்து, சூடு போனபிறகே செடிக்குக் காட்டுங்கள். குழாய் பைப்பிலிருந்து நழுவினால் கயிறு கட்டாமல், நுனியைச் சுடுதண்ணீரில் தோய்த்து இளக்கி ஏற்றி, கிளிப் போட்டு இறுக்குங்கள்.

பூவாளியையும் வாளிகளையும் வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எடுத்த உயிர்களை நாங்கள் மறக்கவில்லை. ஒரு கிழமைக்கு மேல் தேங்கி நிற்கும் ஒரு பேணித் தண்ணீர் நுளம்புக்குக் காணும்.

மருந்தடிக்கும் தாங்கியில் அமுக்கம் ஏறவில்லை

கைப்பிடி தொளதொளவென்று இறங்கினால் உள்ளே உள்ள கிண்ண வாஷர் காய்ந்துவிட்டது. கழற்றி, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டுங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். பிடி இறுகியும் மருந்து வரவில்லை என்றால் முனை அடைத்திருக்கிறது. வாயால் ஊதித் துப்பரவாக்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது. எந்த மருந்தாக இருந்தாலும் அந்த முனையை உதட்டில் வைக்காதீர்கள். தண்ணீரில் போட்டுப் பல்துலக்கியால் தேயுங்கள், ஈர்க்கு நுனியால் மெதுவாகத் தள்ளுங்கள்.

அடைப்பு வருவது பெரும்பாலும் நாங்களே கலக்கும் கரைசல்களால். வேப்பெண்ணெயைச் சவர்க்காரக் கரைசலில் பாலாகும்வரை அடித்துக் கலக்காமல் ஊற்றினால் மேலே திரண்டு நிற்கும். சாம்பல் தண்ணீர், மாட்டுச் சிறுநீர்க் கரைசல் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். அடித்து முடித்த அன்றே வெறும் தண்ணீர் விட்டு ஒரு தாங்கி அடியுங்கள். களைநாசினி அடித்த தாங்கியை மிளகாய்க்கு எடுக்கவே எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மிச்சம் நிற்கும், இரண்டாம் நாள் இலை சொல்லும்.

கை கொப்பளிக்கிறது, நாரி நோகிறது

நாரி நோவுக்குப் பெரும்பாலும் பிடியின் நீளம்தான் காரணம். நிமிர்ந்து நின்று மண்வெட்டியை அருகில் நிறுத்தினால் பிடி உங்கள் தொப்புளைத் தொடவேண்டும் என்பது என் கணக்கு. கடையில் வருவது பெரும்பாலும் அதைவிடக் குட்டை. கொப்புளத்துக்கு, வார்னிஷ் போட்ட பிடியை மட்கடதாசியால் சுரண்டி லின்சீட் எண்ணெய் பூசுங்கள். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள். பெண்களும் வயதானவர்களும் ஆண்களுக்கென்று செய்த தலையைத் தூக்கிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. தேய்ந்து சிறுத்த பழைய தலை கிடைத்தால் அதை வாங்குங்கள். நல்ல இரும்பு, பாதிப் பாரம்.

தள்ளுவண்டி புதைகிறது

மணலில் ஒல்லிச் சக்கரம் ஓடாது. அகலமான காற்று ரயர், அதிலும் காற்றைச் சற்றுக் குறைத்து. முள்வேலிக்குக் கிட்ட ஓட்டுபவர்கள் கட்டி இறப்பர் சக்கரம் எடுங்கள். மணலில் கொஞ்சம் இழுபடும், ஆனால் பஞ்சர் இல்லை.

கைக்கரண்டியின் கழுத்து வளைந்துவிட்டது

வளைந்ததை நிமிர்த்தலாம், அடுத்த தரம் அதே இடத்தில் முறியும். வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். அலகும் கழுத்தும் ஒரே துண்டாக இருக்கவேண்டும். இரண்டையும் புள்ளி வைத்து ஒட்டியிருந்தால் பைக்குள் வளரும் கீரைக்கு மட்டும்தான் அது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்வேன், மணல் வளவுக்கு ஒரு சவள், ஒரு குப்பைவாரி, ஒரு பூவாளி. செம்மண்ணுக்கு நல்ல மண்வெட்டி ஒன்று, தட்டை அரம் ஒன்று. உவர்மலைக்கு அலவாங்கும், தோண்டுவதை விட்டுவிட்டு உயர்த்திக் கட்டும் பாத்திக்கு நாலு பலகையும். பெட்டியில் பத்துச் சாமான் அடுக்கிவரும் தொகுதியின் விலைக்கு இவற்றில் நல்லதாக இரண்டு வாங்கலாம். மீதியை முதல் அறுவடைக்குப் பிறகு பாருங்கள். அதற்குள் உங்கள் மண் என்ன கேட்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

திருத்தக்கூடாதவை சில உண்டு. கண்ணில் வெடிப்பு விழுந்த மண்வெட்டித் தலை, அடிப்பக்கம் வெடித்த மருந்துத் தாங்கி, வயரின் மேலுறை உரிந்த மோட்டர். இவற்றுக்கு ஒட்டு, நாடா, கம்பி எதுவும் வேண்டாம். தலையைக் கொல்லர் பட்டறையில் கொடுத்தால் களைக்கொத்தாக அடித்துத் தருவார்கள். தாங்கியை அறுத்து நாற்றுத் தொட்டியாக்க வேண்டாம், மருந்து ஊறிய பிளாஸ்டிக் அது. மோட்டருக்கு வயர் மாற்றும்வரை துலாவோ வாளியோ கயிறோ போதும்.